ரத்து செய்ய வேண்டுமென்றால் முதலில் சேலம்தானா? சிறு விமான நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு விமானம் ஓட்டும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு,

சிறு ஊர்களுக்கு மானியம் கொடுத்து விமானம் விடும் உடான் திட்டத்தை நடத்தும் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சக அதிகாரிகளும் இதைப் படிக்க வேண்டும். கடைசியில் உங்களிடம் கேட்பதற்கும் சில விஷயங்கள் இருக்கின்றன.

சென்ற வாரம் ஐதராபாத்தில் இருந்து சேலம் திரும்ப வேண்டிய விமானத்தை உங்களில் ஒரு நிறுவனம் ரத்து செய்தது. குறுஞ்செய்தி வந்தபோது நான் விமான நிலையத்துக்குப் பாதி தூரம் போய்விட்டேன். 'செயல்பாட்டுக் காரணங்களால்' என்று இருந்தது, வேறு விளக்கம் இல்லை. அதே வாரம்தான் அதே நிறுவனம் பண்டிகைக் கூட்டத்துக்காக வேறு இரண்டு ஊர்களுக்கு நடுவே கூடுதல் சேவை விடுவதாக விளம்பரம் செய்திருந்தது, அதுவும் ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானம்தான், எங்கள் ஊருக்கு வருகிற அதே ரகம். எங்களுக்கு விமானம் இல்லாத நாளில் இன்னொருவருக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது என்றால் அது எங்கிருந்து போகிறது என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. இது ஒரு தடவை நடந்தது என்றால் விட்டிருப்பேன். மாதாமாதம் நடக்கிறது.

செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. ஆந்திரம், தெலங்கானா பக்கம் எங்களுக்கு வாடிக்கையாளர்கள் அதிகம். சாம்பிள் எடுத்துக்கொண்டு போய், கடைக்காரர்களிடம் டிசைன் காட்டி, ஆர்டர் எழுதி வாங்கி வர வேண்டும். ரயிலில் போனால் ஒரு ராத்திரி முழுக்கவும் மறுநாளில் பாதியும் போய்விடும், திரும்பி வர அதே கணக்கு. விமானம் வந்த பிறகு காலையில் கிளம்பி மறுநாள் மாலை வீட்டில் இருக்க முடிந்தது. அந்த வசதி எவ்வளவு பெரியது என்பதை அனுபவித்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். விமானமே வேண்டாம் என்று சொல்கிற கடிதம் இல்லை இது.

எங்கள் ஊர் நிலையத்தின் கதை உங்களில் புதிதாக வந்த அதிகாரிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1993-ல் திறந்தார்கள். ஒரு நிறுவனம் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு நிறுத்தியது. அதன் பிறகு ஓடுபாதை வருடக்கணக்காக வெயிலில் காய்ந்தது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னையில் இருந்து வந்தது, அதுவும் சில வருடங்கள்தான், 2012-ல் அந்த நிறுவனமே முடங்கிப்போனது. அப்புறம் உடான் திட்டம். 2018 மார்ச் 25-ம் தேதி ட்ரூஜெட் சென்னைக்கு ஓட்ட ஆரம்பித்தது. காலையில் வந்து காலையிலேயே திரும்பும், ஊர்க்காரர்கள் பழகிக்கொண்டார்கள், டாக்டர்கள், ஜவுளிக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் ஏறினார்கள். 2021-ல் அதுவும் நின்றது, அடுத்த வருடம் அந்த நிறுவனமும் நின்றது. மறுபடி இரண்டு வருடத்துக்கும் மேல் ஒன்றுமே இல்லை. 2023 அக்டோபரில் பெங்களூரு, கொச்சி, ஐதராபாத், சென்னை என்று ஒரே மாதத்தில் நாலு ஊருக்கு விமானம் வந்தபோது நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று சொல்லத் தேவையில்லை. பூங்கொத்து கொடுத்து வரவேற்றோம், புகைப்படம் எடுத்துப் போட்டோம்.

அந்தச் சந்தோஷத்தோடு ஒரு பயமும் இருந்தது, இப்போது அது பெரிதாகிக்கொண்டே வருகிறது. உடான் மானியம் மூன்று ஆண்டுக்குத்தான். அந்த மூன்று ஆண்டுக்கு அந்த வழித்தடத்தில் ஓட்டும் தனி உரிமையும் உங்களுக்குக் கிடைக்கிறது. 2018 மார்ச்சில் தொடங்கியது 2021-ல் ஏன் நின்றது என்பதற்கு கொரோனாவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை, ஆனால் மூன்று ஆண்டுக் கெடு முடிந்த வருடமும் அதுவே. 2023 அக்டோபரோடு மூன்றைக் கூட்டினால் 2026 அக்டோபர்.

இது என் சந்தேகம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் உடான் பற்றிக் கொடுத்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஏலத்தின் மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403-ல் விமானம் பறக்கவே இல்லை. பறந்த 371-ல் மூன்று ஆண்டை முழுதாக ஓட்டி முடித்தவை 112. அந்த 112-லும் மானியம் நின்ற பிறகு 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. ஒதுக்கியதில் நூற்றுக்கு ஏழு! மீதி எழுநூற்றுச் சொச்சம் வழித்தடங்களின் இரண்டு முனையிலும் எங்களைப் போல் ஊர்கள் இருக்கின்றன. நெய்வேலிக்கு முதல் சுற்றிலேயே ஒதுக்கினார்கள், அந்தச் சுற்றில் வழித்தடங்களை அள்ளிக்கொண்ட இரண்டு சின்ன நிறுவனங்களும் 19 இருக்கை விமானங்களை வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்க முடியாமல் போனார்கள், நெய்வேலிக்காரர்கள் இன்னும் சாலையில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

விமானம் நடத்துவது லேசான தொழில் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். கோவையில் இருந்து 2016-ல் கிளம்பிய ஏர் கார்னிவல் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அதற்கு முன்னால் பாரமவுண்ட், சென்னையையும் மதுரையையும் எம்ப்ரேயர் ஜெட்டால் இணைத்த நிறுவனம், 2010-ல் குத்தகைக்கு விட்டவர்களோடு தகராறாகி நின்றுபோனது. குத்தகை டாலரில் கட்ட வேண்டும், எரிபொருள் விலை உங்கள் கையில் இல்லை, உதிரிபாகம் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். சரி. இவ்வளவும் தெரிந்துதான் தொழிலுக்கு வந்தீர்கள். அரசும் உங்களைக் கைவிட்டுவிடவில்லை. 80 இருக்கைக்குக் குறைவான விமானம் என்றால் விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் தரையிறங்கும் கட்டணமே கிடையாது. 40 டன்னுக்குக் குறைந்த விமானத்துக்கு ஊற்றும் எரிபொருளுக்கு வரிச் சலுகை இருக்கிறது, தமிழ்நாட்டில் ஜெட் விமானங்களுக்கு 29 சதவீத வாட் வரி இருந்த காலத்திலும் ஏடிஆருக்கு அது பொருந்தவில்லை. அதற்கு மேல் மானியம். அந்த மானியத்தில் ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசு தருகிறது, அதாவது காமலாபுரம் பக்கமே வராத ஆத்தூர்க்காரரும் எடப்பாடிக்காரரும் தருகிறார்கள். மீதிப் பங்குக்கு மற்ற உள்நாட்டு விமானங்கள் மீது ஒரு தீர்வை போடுகிறார்கள், அது சுற்றிச் சுற்றி எல்லாப் பயணிகளின் டிக்கெட்டிலும்தான் வந்து விழுகிறது. ஆக, உங்கள் விமானத்தில் எங்கள் பணமும் பறக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு மலிவான டிக்கெட்டைவிட, சொன்ன நேரத்துக்கு வருகிற விமானம்தான் முதலில் வேண்டும். சொன்னபடி வராத விமானம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வியாபாரத்துக்கும் உதவாது, ஆஸ்பத்திரிக்கும் உதவாது.

ஏன் சேலம் மட்டும் இப்படி அடிக்கடி ரத்தாகிறது என்று நான் விசாரித்துப் பார்த்தேன். உங்கள் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் சொன்னதை வைத்துப் புரிந்துகொண்டது இது. ஒரு ஏடிஆர் விடியற்காலையில் பெரிய ஊரில் இருந்து கிளம்புகிறது. நாள் முழுக்க ஏழெட்டுத் தடவை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு ஊரிலும் தரையில் நிற்பது அரைமணிதான். காலையில் எங்கோ பனியால் நாற்பது நிமிடம் தாமதம் என்றால் அந்த நாற்பது நிமிடம் குறைவதே இல்லை, கூடிக்கொண்டேதான் போகும். மாலைக்குள் அது ஒன்றரை மணி ஆகிவிடும். அதற்குள் விமானிகளின் வேலை நேரம் முடியப்போகிறது, இன்னொரு பக்கம் சேலம் நிலையம் திறந்திருக்கும் நேரமும் முடியப்போகிறது, பெரிய நிலையங்களைப் போல இது ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் இடம் கிடையாது. அப்போது கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் ஏதாவது ஒரு சுற்றை வெட்டியாக வேண்டும். எந்த ஊரை வெட்டினால் குறைவான சத்தம் வரும், குறைவான பேருக்கு மாற்று விமானம் தேட வேண்டியிருக்கும்? எங்கள் ஊர்தான். கடைசி ட்ரிப் அடிக்காமல் டிப்போவுக்குத் திரும்பிவிடுகிற டவுன் பஸ் போலத்தான் நடத்துகிறீர்கள்.

இதில் கட்டுப்பாட்டு அறைக்காரரைக் குறை சொல்லமாட்டேன், கையில் இருப்பதை வைத்துத்தான் அவர் சமாளிக்கிறார். குறை அதற்கு மேலே இருக்கிறது. இருக்கிற அத்தனை விமானத்தையும் அட்டவணையில் போட்டுவிட்டு, மாற்றுக்கு ஒன்றுகூட நிறுத்தி வைக்காமல், ஒரு டயர் வெடித்தால்கூட நான்கு ஊர்க்காரர்கள் தவிக்கிற மாதிரி அட்டவணை போட்டவர்கள் யார்? அதிலும் விமானத்தைக் கூட்டாமல் ஊரை மட்டும் கூட்டுகிறீர்கள். புதிய ஊருக்குப் புதிய சேவை என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது, அந்த விமானத்தை யாரிடம் இருந்து எடுத்துக்கொண்டு போகிறார்களோ என்று.

பழுது என்றால் பறக்கக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, விமானிக்கு ஓய்வு போதவில்லை என்றாலும் அப்படியே. விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டிய விதி 2025 நவம்பரில் முழுதாக நடைமுறைக்கு வந்து, டிசம்பரில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோது பலரும் விதியைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. விதி எப்போது வரும் என்பது வெகுகாலம் முன்பே தெரிந்த விஷயம், அதற்குத் தேவையான ஆட்களை வைத்துக்கொள்ளாதது நிர்வாகத்தின் தவறு. பாதுகாப்பைக் காரணம் காட்டி எங்கள் வாயை அடைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ரத்து செய்த பிறகு நீங்கள் நடந்துகொள்கிற விதம் ரத்தைவிட மோசம். ஒரு நாள் காமலாபுரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தாரமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வேட்டி சட்டை, நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி நிறைய மல்கோவா. டெல்லியில் மகன் வீட்டுக்குப் போகிறார். பெங்களூரு போய் அங்கிருந்து வேறு விமானம். ஊரில் பிரவுசிங் சென்டரில் டிக்கெட் போட்டிருக்கிறார். விமானம் ரத்து என்ற செய்தி காலையிலேயே போயிருக்கிறது, ஆனால் அவருக்குப் போகவில்லை, சென்டர்காரரின் போனுக்குப் போயிருக்கிறது, டிக்கெட்டில் அந்த நம்பர்தானே இருக்கிறது. அவர் கடை திறந்து பார்த்துச் சொல்வதற்குள் பெரியவர் ஆட்டோ பிடித்து நிலைய வாசலுக்கு வந்துவிட்டார். கவுண்டரில் ஒரு சின்னப் பெண், ஓமலூர்க்காரப் பிள்ளை, ஒப்பந்த வேலை. தலைமை அலுவலகத்துக்குத் தன் சொந்த போனில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் பாட்டுதான் ஓடியது. "ஐயா, நாளைக்கு மறுநாள்தான் சீட் இருக்குன்னு காட்டுது" என்று அது சொன்னபோது பெரியவர் கோபப்படவில்லை. "டெல்லி ப்ளைட்டு எனக்காக நிக்குமாம்மா?" என்று கேட்டார். நிற்காது. அது வேறு நிறுவனம், வேறு டிக்கெட், அந்தப் பணம் அப்படியே போனது. நீங்கள் திருப்பிக் கொடுத்தது சேலம் பெங்களூரு டிக்கெட் பணம் மட்டும். அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டவர்களை நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தடுத்தோம். திட்டு வாங்க வேண்டியவர்கள் அங்கே இல்லை.

விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி என்ன சொல்கிறது? இரண்டு வாரத்துக்கு முன்னால் ரத்தைச் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் பயணி ஒத்துக்கொள்கிற மாற்று விமானம் அல்லது முழுப் பணம். கடைசி 24 மணி நேரத்தில் சொன்னால், அல்லது சொல்லாமலே விட்டால், அதற்கு மேல் இழப்பீடு. ஒரு மணி நேரத்துக்குள் போகிற விமானத்துக்கு 5,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. ஒன்று முதல் இரண்டு மணி நேர விமானத்துக்கு அது 7,500. உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத அசாதாரணச் சூழல் என்றால் தர வேண்டியதில்லை என்று ஒரு விலக்கும் இருக்கிறது. 'செயல்பாட்டுக் காரணம்' என்ற இரண்டு வார்த்தையை எழுதி எல்லாவற்றையும் அந்த விலக்குக்குள் தள்ளிவிடுகிறீர்கள். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் யாரும் அந்த ஐயாயிரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. நானும் எழுதிக் கேட்டேன், வருத்தம் தெரிவித்து ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான்.

இதையே திருப்பிப் பாருங்கள். நாங்கள் ஒரு நாள் முன்னால் டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் அடிப்படைக் கட்டணம் முழுக்கப் பிடித்துக்கொண்டு வரிப்பணத்தைத் திருப்பித் தருகிறீர்கள். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று விதி இருப்பதால் அந்தளவோடு நிற்கிறது. நாங்கள் வராவிட்டால் கட்டணமே அபராதம், நீங்கள் வராவிட்டால் வருத்தக் கடிதம். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

கட்டணத்துக்கு வருகிறேன். 1994-ல் இருந்து விமானக் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ளலாம், சட்டப்படி தப்பில்லை. நாலைந்து நிறுவனங்கள் போட்டி போடுகிற சென்னை டெல்லி தடத்தில் அது சரியாக இருக்கலாம். ஒரே ஒரு நிறுவனம் ஓட்டுகிற தடத்தில், அந்தத் தனியுரிமையையும் அரசே கொடுத்திருக்கும்போது, காலையில் மூவாயிரத்துச் சொச்சம் காட்டிய டிக்கெட் சாயங்காலம் ஏழாயிரத்தைத் தாண்டுவது எப்படிச் சரியாகும்? உடான் தொடங்கியபோது ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று சொன்னார்கள், செருப்புப் போட்டவனும் விமானத்தில் போகலாம் என்று மேடையில் பேசினார்கள். அந்த விலை விமானத்தில் பாதி இருக்கைகளுக்குத்தான், அதுவும் அதிகபட்சம் 40 வரைதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நான் டிக்கெட் தேடும்போது அந்தச் சலுகை இருக்கைகளில் எத்தனை மிச்சம், எத்தனை விற்றன, விற்கத் திறந்தார்களா இல்லையா, எதுவும் திரையில் தெரிவதில்லை. அரசு பணம் கொடுத்து வாங்கி வைத்த இருக்கை அது. அதன் கணக்கைப் பொதுமக்கள் பார்க்க முடியாமல் இருப்பது தவறு.

உச்சவரம்பு வைத்தால் நிறுவனம் மூழ்கிவிடும் என்று சொல்வீர்கள். 2025 டிசம்பர் நெருக்கடியில் 500 கிலோமீட்டர் வரையுள்ள தூரத்துக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாதென்று அரசு ஒரே நாளில் ஆணை போட்டது. யாரும் மூழ்கவில்லை. அந்த ஆணை உடான் விமானங்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியும் இருந்தார்கள். அதாவது வேறு வழி இல்லாத ஊர்க்காரர்கள்தான் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றோம்.

நேரம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆள் ஏறவில்லை என்று நாளைக்கு நீங்கள் சொல்லப்போகிற காரணத்துக்கு அடித்தளம் இங்கேதான் போடப்படுகிறது. சேலத்தில் இருந்து சென்னைக்கு வந்தே பாரத் 2023 ஏப்ரலில் இருந்து ஓடுகிறது, நாலு மணி நேரத்துக்குள் சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது. விமானம் ஒரு மணி நேரம்தான், ஆனால் ஜங்ஷனில் இருந்து காமலாபுரம் போக முக்கால் மணி, அங்கே ஒரு மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும், மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் போக இன்னொரு மணி. கூட்டிப் பார்த்தால் ரயிலும் விமானமும் ஒன்றுதான். நட்ட நடுப்பகலில் ஒரு விமானத்தை விட்டால் அதில் யார் ஏறுவார்கள்? காலையில் போய் வேலை முடித்து மாலையில் திரும்ப முடிந்தால் வியாபாரி ஏறுவான், டாக்டர் ஏறுவார். டெல்லிக்கோ துபாய்க்கோ மேலே போகிற விமானத்தைப் பிடிக்கிற மாதிரி நேரம் அமைந்தால், ஒரே டிக்கெட்டாகவும் கிடைத்தால், கோவைக்குக் காரில் போகிற அத்தனை பேரும் காமலாபுரத்துக்கு வருவார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கோவைக்கும் பெங்களூருக்கும் வாடகைக் கார் எடுக்கிற குடும்பங்கள் எங்கள் ஊரில் எத்தனை என்று டாக்ஸி ஸ்டாண்டில் வந்து கேளுங்கள். கூட்டம் அங்கே இருக்கிறது. பெரிய ஊர்களின் நல்ல நேரமெல்லாம் முடிந்த பிறகு மிச்சம் விழுகிற நேரத்தை எங்களுக்குத் தந்துவிட்டு, இருக்கை நிரம்பவில்லை என்று கணக்குக் காட்டாதீர்கள்.

இன்னொன்று, எழுதும்போதே வயிறு எரிகிற விஷயம். இப்போதுள்ள ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர், ஏடிஆருக்குப் போதும். பெரிய விமானம் வர வேண்டுமென்று நிலையத்தை விரிவாக்க சுமார் 570 ஏக்கர் நிலம் எடுக்கும் திட்டம் வந்தபோது சுற்றுவட்டாரக் கிராமங்களில் விவசாயிகள் 2018-ல் போராடினார்கள். நெல்லும் தென்னையும் இருக்கிற மண். ஊரின் வளர்ச்சிக்கு என்று அவர்களிடம் கேட்கிறோம். இருக்கிற ஓடுபாதைக்கே சொன்ன நாளில் விமானம் வருவதில்லை என்றால் அந்த விவசாயி முகத்தைப் பார்த்து நாங்கள் என்ன சொல்வது? ஒவ்வொரு ரத்தும் அவருடைய கேள்விக்கு வலு சேர்க்கிறது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்கிறேன். பொதுவாக 'சேவையை மேம்படுத்துவோம்' என்று பதில் எழுதாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் முடியும், முடியாது என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

முதலாவது, 2026 அக்டோபருக்குப் பிறகு சேலத்தில் இருப்பீர்களா, மாட்டீர்களா? மானியம் முடிந்த பிறகு எந்தத் தடத்தைத் தொடர்வீர்கள், வாரத்துக்கு எத்தனை நாள் என்று எழுத்தில் அறிவியுங்கள். போவதாக இருந்தால் ஆறு மாதம் முன்னால் சொல்லுங்கள், மாநில அரசும் வணிகச் சங்கங்களும் வேறு நிறுவனத்தைத் தேட அந்த அவகாசமாவது வேண்டும். 2021-ல் போனது போல் சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள்.

இரண்டாவது, தென்னிந்தியச் சிறு நிலையங்களுக்கு ஓட்டும் ஏடிஆர்களில் ஒன்றையாவது மாற்று விமானமாகப் பெங்களூரிலோ சென்னையிலோ நிறுத்தி வையுங்கள். ஒரு நிறுவனத்தால் தனியாக முடியாதென்றால் சேர்ந்து செய்யுங்கள், உதிரிபாகத்தையாவது பொதுவில் இருப்பு வையுங்கள், நீங்கள் எல்லோரும் ஓட்டுவது ஒரே ரக விமானம்தானே. அது முடிகிற வரைக்கும் புதிய ஊர் சேர்க்காதீர்கள். மாலைத் தாமதத்துக்குச் சேலத்தை வெட்டுவது வழக்கமாகிவிடக் கூடாது. ஒரு தடவை எங்களை வெட்டினால் அடுத்த தடவை வேறு ஊரை வெட்டுங்கள். இது மற்ற ஊருக்குக் கெடுதல் நினைத்துச் சொல்வதில்லை, சுமையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறேன்.

மூன்றாவது, ரத்து செய்த நாளில் எங்களை ஊர் கொண்டு சேர்ப்பது உங்கள் வேலை. காமலாபுரத்தில் ரத்தானால் கோவைக்கோ பெங்களூருக்கோ உங்கள் செலவில் வண்டி, அங்கிருந்து விமானம். பெங்களூரில் ரத்தானால் சேலத்துக்கு வண்டி. 24 மணி நேரத்துக்குள் சொன்ன ரத்துக்கு இழப்பீட்டைப் பயணி கேட்காமலே கணக்கில் போடுங்கள். தர மறுத்தால் என்ன காரணம், எந்த விலக்கு என்று எழுதிக் கொடுங்கள். ஏஜென்டிடம் டிக்கெட் எடுத்தாலும் பயணியின் சொந்த எண் இல்லாமல் டிக்கெட் பதிவாகாதபடி செய்யுங்கள். கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்கு முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரின் நேரடி எண்ணைக் கொடுங்கள்.

நான்காவது கட்டணம். நீங்கள் மட்டுமே ஓட்டும் தடத்தில் அதிகபட்சம் இவ்வளவுதான் என்று பருவ அட்டவணையோடு சேர்த்து அறிவியுங்கள். சலுகை இருக்கை எத்தனை மிச்சம் என்று டிக்கெட் எடுக்கும் திரையில் காட்டுங்கள்.

அமைச்சக அதிகாரிகளே, உங்களிடம் கேட்பது குறைவு, ஆனால் அது நடந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். மாதாமாதம் விமானங்களின் நேரந்தவறாமை பற்றிப் புள்ளிவிவரம் வெளியிடுகிறீர்கள், அது பெருநகர நிலையங்களில் எடுத்த கணக்கு. ரத்து சதவீதம் நிறுவன வாரியாக வருகிறது, அதில் சேலம் கரைந்துபோகிறது. உடான் தடம் ஒவ்வொன்றுக்கும் தனியாக, எத்தனை விமானம் அட்டவணையில் இருந்தது, எத்தனை பறந்தது, எத்தனை தாமதம், என்ன காரணம், எவ்வளவு மானியம் கொடுத்தீர்கள் என்று மாதம் தவறாமல் வெளியிடுங்கள். மானியத்தை அந்தக் கணக்கோடு கட்டிப்போடுங்கள், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ரத்து செய்தால் வெட்டுங்கள். 2025 பட்ஜெட்டில் இன்னும் 120 ஊர்களுக்கு உடான் என்று அறிவித்தீர்கள். அந்த 120-ஐ ஒதுக்குவதற்கு முன்னால், ஏற்கெனவே தொடங்கி நின்றுபோன தடங்களின் நிறுவனங்களிடம் விளக்கம் வாங்குங்கள், அவர்களுக்கு மறுபடியும் புதுத் தடம் கொடுப்பதாக இருந்தால் அந்த விளக்கத்தைப் பொதுவில் வைத்துவிட்டுக் கொடுங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணை தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்னாலாவது இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டும். வராவிட்டால் இதில் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும் வெள்ளி வியாபாரிகள், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், இளம்பிள்ளை சேலைக்காரர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, எங்களிடம் இருக்கும் ரத்துக் குறுஞ்செய்திகளை எல்லாம் அச்செடுத்து, விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் புகாராகக் கொடுப்போம்.

இப்படிக்கு,
செவ்வாய்பேட்டைக் கொலுசு வியாபாரி ஒருவன்,
சேலம்